டைல் ஒட்டும் முன் ஒரு குழப்பம்: சிமெண்ட் போர்டுக்குப் பின்னால் பாலித்தீன் ஷீட் இருக்கலாமா?

வணக்கம். குளியலறைச் சுவரை மரச்சட்டம் தெரியும்வரை பிரித்துவிட்டேன். ஷவர் பக்கம் இருந்த பழைய ஜிப்சம் பலகை ஊறிப்போய், விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. அம்மா தினமும் புழங்கும் அறை, இந்த முறை அரைகுறையாக முடிக்க மனமில்லை.

அரை அங்குல சிமெண்ட் போர்டை, துருப்பிடிக்காத ஸ்குரூ போட்டு, 8 அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்கியிருக்கிறேன். பலகைகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி. கீழே தரையைத் தொடாமல் 6 மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன்.

குழப்பம் இதற்கு மேல்தான். சிமெண்ட் போர்டு நனைந்தால் கெட்டுப்போகாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. அதனால் முன்பக்கம் வாட்டர்ப்ரூஃபிங் திரவம் இரண்டு கோட் அடிக்க வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் பலகைக்குப் பின்னால் ஏற்கெனவே பாலித்தீன் ஷீட் அடித்தாயிற்று! இரண்டும் இருந்தால் நடுவில் சிக்கும் ஈரம் காய வழியே இல்லை, ஏதாவது ஒன்று போதும் என்கிறார் தெரிந்த மேஸ்திரி. அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. அப்படியானால் பலகையைக் கழற்றி ஷீட்டை எடுப்பதா, இல்லை திரவத்தை விட்டுவிடுவதா? இது உள்சுவர், மறுபக்கம் படுக்கையறை. இதே நிலையில் மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள்?

அப்புறம், மூட்டுகளில் சிமெண்டின் காரத்தைத் தாங்கும் ஃபைபர் வலை டேப் ஒட்டி, மேலே தின்செட் (டைல் ஒட்டும் சிமெண்ட் கலவை) பூசப் போகிறேன். அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் திரவம் அடிக்க வேண்டுமா? குழாய் வெளியே வரும் ஓட்டையைச் சுற்றி சிலிகான் மட்டும் போதுமா?

செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பதில் தெரியும்வரை டைல் பெட்டியைப் பிரிக்கப் போவதில்லை.