பிளேட்டிங் ஸ்லட்ஜ் லோடு கேட்டிலேயே திரும்பிவிட்டது, என்ன செய்யலாம்?

இடிபி_ஓசூர்:
உலோகப் பொருள்களுக்கு முலாம் பூசும் சின்ன யூனிட்; ஹார்டு குரோம், சயனைடு ஜிங்க் இரண்டும் ஓடுகிறது. கழிவுநீர்ச் சேற்றைப் பிழிந்தெடுத்த ஃபில்டர் பிரஸ் கேக் வருடத்துக்கு 6 டன், அபாயக் கழிவுப் பட்டியலில் வகை 35.3. அபாயக் கழிவைப் புதைக்கும் லேண்ட்ஃபில்லுக்கு அனுப்பிய லோடு திரும்பிவிட்டது. தாளில் "ஃப்ரீ லிக்விட், லீச்சேட் மஞ்சள்" என்று மட்டும் இருக்கிறது. சிமென்ட் கலந்து திரும்ப அனுப்பலாமா?

லேப்_பெஞ்ச்:
ஃப்ரீ லிக்விட் என்றால் கேக்கிலிருந்து தானாக வடியும் தண்ணீர். அதைப் பார்ப்பது பெயின்ட் ஃபில்டர் டெஸ்ட். 100 கிராம் கேக்கை 60 மெஷ் கூம்பு வடிகட்டியில் போட்டு 5 நிமிடம் பார்ப்பார்கள். கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். மூட்டை மேலே உலர்ந்துதான் தெரியும். லாரி குலுங்கக் குலுங்கத் தண்ணீர் அடிக்கு இறங்கிவிடும். அனுப்பும் முன் அடியிலிருந்து எடுத்து நீங்களே சோதியுங்கள். பிரஸ்ஸைத் திறப்பதற்கு முன் காற்று ஊதி, கேக்கைக் கூரைக்கடியில் காயப்போடுங்கள்.

குரோம்_கணக்கு:
லீச்சேட், அதாவது கேக்கிலிருந்து கரைந்து வரும் நீர், மஞ்சள் என்றால் நச்சான ஆறு வேலன்ஸ் குரோமியம் அப்படியே இருக்கிறது. சிமென்ட் அதைப் பிடித்து வைக்காது. அது குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது. காரத்தில் படியாமல் கரைந்தே நிற்கும். சரிசெய்ய வேண்டிய இடம் கேக் இல்லை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் டேங்க்.

கந்தக அமிலம் விட்டு பிஎச் 2–2.5க்கு இறக்குங்கள். பிறகு எஸ்எம்பிஎஸ் (சோடியம் மெட்டாபைசல்ஃபைட்): 1 கிலோ குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.74 கிலோ, நடைமுறையில் 3க்குக் குறையாது. மஞ்சள் மறைந்து பச்சை (படியக்கூடிய மூன்று வேலன்ஸ் குரோமியம்) வர வேண்டும். பிஎச் 3ஐத் தாண்டினால் வினை இழுத்தடிக்கும். பலர் அவசரப்பட்டு சுண்ணாம்பைக் கொட்டுவது இங்கேதான். பச்சை வந்தபின் சுண்ணாம்பு போட்டு 8.5–9க்கு ஏற்றிப் படிய விடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: ஜிங்க் அலசல் நீரும் இதே சம்ப்பில்தான் (கழிவுநீர் சேரும் தொட்டி) விழுகிறதா?

மேனிஃபெஸ்ட்_மணி:
அடுத்த லோடுக்கு, படிவம் 10 (கழிவோடு போகும் மேனிஃபெஸ்ட் தாள்) ஏழு வண்ணப் பிரதி. வெள்ளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, லாரிக்காரர் கையெழுத்திட்ட மஞ்சள் உங்களுக்கு, மீதி ஐந்து வண்டியோடு. பெற்றுக்கொண்டவர் அனுப்பும் நீலம் வந்து சேரும்வரை ஃபைலை மூடாதீர்கள். சேமிப்பு 90 நாள்தான். வருடம் 10 டன் வரை உள்ளவர்களுக்கு வாரியம் 180 வரை நீட்டிக்கலாம்.

இடிபி_ஓசூர்:
ஆமாம், ஒரே சம்ப்தான்.

குரோம்_கணக்கு:
அப்படியானால் அதில் அமிலமே விடாதீர்கள். சயனைடு மீது அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளைக் கொன்றுவிடும். முதலில் ஜிங்க் லைனுக்குத் தனிக் குழாய், தனி டேங்க். அதில் பிஎச் 10.5க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட் போட்டு சயனைடை முறியுங்கள். இப்போது சம்ப்பில் நிற்கும் தண்ணீரையும் சயனைடு சோதித்துவிட்டுத்தான் தொடுங்கள்.