உறையூர் வீடு 🏠 குரூப்: செந்திலுக்கு எலக்ட்ரிக்கா, பெட்ரோலா?

செந்தில்: ஜூன்ல இருந்து எனக்கு தஞ்சாவூர் ஆபீஸ். போக வர 110 கி.மீ. மாசம் 24 நாள். கார் எடுத்தே ஆகணும். ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எக்ஸ் ஷோரூம் 9.6 லட்சம். எலக்ட்ரிக், 30 கிலோவாட் ஹவர் பேட்டரி, 12.5 லட்சம். ஞாயிறுக்குள்ள அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

சுதா அத்தை: வாழ்த்துகள் கண்ணு 💐💐

பெரியப்பா: 3 லட்சம் அதிகம். வேண்டாம்.

பெரியம்மா: ⚠️ பல முறை ஃபார்வர்டு செய்யப்பட்டது: எலக்ட்ரிக் கார் வீட்டில் சார்ஜ் போட்டால் வெடிக்கும்!! எல்லோருக்கும் பகிரவும்!!

ரம்யா: பெரியம்மா இதே மெசேஜ் போன தீபாவளிக்கும் வந்துச்சு

கணேசன் மாமா: மாப்ள, எக்ஸ் ஷோரூம் விலையை வெச்சு பேசாதே. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையைப் பாரு. தமிழ்நாட்டுல 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் பெட்ரோல் காருக்கு ஆயுள் வரி 13%. 9.6க்கு அதுவே 1.25 லட்சம் ஆச்சு. இன்சூரன்ஸ் ஒரு 40 ஆயிரம். மொத்தம் 11.25. எலக்ட்ரிக்குக்கு சாலை வரி விலக்கு இருக்கு (ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு அது நடப்புல இருக்கான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோ). இன்சூரன்ஸ் 50 ஆயிரம் வரும். தேர்டு பார்ட்டில (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான பகுதி) 15% தள்ளுபடி உண்டு, ஆனா வண்டி விலை கூட, அதனால மொத்தம் ஏறும். ஆக 13 லட்சம். 10 லட்சத்துக்கு மேல போனா விக்கும்போதே டிசிஎஸ்னு 1% வரி பிடிப்பாங்க, அதை வருமான வரில கழிச்சுக்கலாம். இப்ப வித்தியாசம் 1.75 லட்சம்தான். சார்ஜிங் வயரிங்குக்கு 25 ஆயிரம் சேர்த்து 2 லட்சம்னு வெச்சுக்கோ.

கணேசன் மாமா: அடுத்தது ஓட்டுற செலவு. லிட்டர் 101, ஆட்டோமேட்டிக் 15 கொடுக்கும். கி.மீ.க்கு 6.70. எலக்ட்ரிக், மீட்டர்ல ஓடுற ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. கொடுக்கும் (சார்ஜ் ஏறும்போதே 10% சூடா வீணாகும், அதையும் கழிச்சுதான் சொல்றேன்). யூனிட் 10 ரூபான்னாலும் 1.70. கி.மீ.க்கு 5 ரூபா மிச்சம். 2 லட்சத்தை 5 ஆல வகுத்தா 40,000 கி.மீ. நீ மாசம் 2,640 ஓட்டுவ. 15 மாசத்துல போட்ட காசு கைக்கு வந்துரும்.

சுதா அத்தை: 👍

அம்மா: யூனிட் 10 ரூபாயா? நமக்கு 2 ரூபா சொச்சம்தானே வருது

கணேசன் மாமா: அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க அக்கா. உங்க மாடி மீட்டர்ல ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட். 100 இலவசம், அடுத்த 100 மலிவு. கார் மட்டும் ரெண்டு மாசத்துக்கு 880 யூனிட் இழுக்கும். 500 தாண்டின உடனே அந்த மலிவு ஸ்லாப் (ரேட் படி) போயிரும். 500க்கு மேல 8 ரூபா சொச்சம், 600க்கு மேல 9 சொச்சம், 1000 தாண்டினா 11 சொச்சம்.

செந்தில்: போர்டிகோ பிளக் கீழ் வீட்டு மீட்டர்ல இருக்கே மாமா. அதுல போடலாம்னு இருந்தேன்

பெரியப்பா: என் மீட்டரா?

ரம்யா: 🙈

கணேசன் மாமா: கீழ் மீட்டர்ல இப்பவே 420 யூனிட். 880 சேர்ந்தா 1300. இப்ப 1,300 ரூபா கட்டுற இடத்துல பத்தாயிரத்துச் சொச்சம் வரும்.

பெரியப்பா: தண்ணி மோட்டார் பில்லே 2019ல இருந்து பாக்கி இருக்கு.

அம்மா: அது கொடுத்தாச்சு அண்ணா. சுதா சாட்சி.

சுதா அத்தை: என்னை இழுக்காதீங்க. வளைகாப்பு 12ஆ 19ஆ? மண்டபக்காரர் கேட்டுட்டே இருக்காரு

ரம்யா: 19 அத்தை. அவங்க வீட்ல இன்னும் உறுதி சொல்லல

கார்த்தி: இப்பதான் பாக்குறேன். அம்மா, நீங்க ஃபார்வர்டு பண்ண வெடிக்கிற கதைக்கு: இந்த விலைல வர்ற கார்ல பெரும்பாலும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. அது லேசுல தீப்பிடிக்காது. வீட்ல எரியுறது பிளக் பாயின்ட். மிக்ஸி 5 நிமிஷம் ஓடும், கார் 6 மணி நேரம் ஓயாம 15 ஆம்ப் இழுக்கும். சாக்கெட்டுக்குப் பின்னாடி ஸ்க்ரூ லூசா இருந்தா அந்த இடம் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

பெரியம்மா: அதைத்தான் நானும் போட்டேன்

கார்த்தி: 😂 செந்தில், சர்வீஸ் சைடு கேட்டுக்கோ. ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் செலவு இல்ல. ஆக்சிலரேட்டரை விட்டா மோட்டாரே வேகத்தைக் குறைச்சுரும், அதனால பிரேக் பேட் ரொம்ப நாள் வரும். ஆனா வண்டி கனம், எடுத்தவுடனே முழு டார்க் (சக்கரத்தைச் சுத்துற விசை). முன் டயர் சீக்கிரம் தேயும், 10,000க்கு ஒரு தடவை ரொட்டேட் பண்ணு. பேட்டரி கூலன்ட் மாத்துறதையும் விட்றாதே. முக்கியமா 12 வோல்ட் குட்டி பேட்டரி: அது செத்தா பெரிய பேட்டரி 100% இருந்தாலும் வண்டி ஆன் ஆகாது. ரோட்ல நிக்கிற கேஸ்ல இது சகஜம்.

செந்தில்: பேட்டரி வாரன்ட்டி 8 வருஷம்னு போட்டிருக்கு அண்ணா

கார்த்தி: பக்கத்துலயே 1,60,000 கி.மீ.ன்னும் இருக்கும் பாரு. எது முதல்ல வருதோ அது. நீ வருஷத்துக்கு 31,000 மேல ஓட்டுவ. அஞ்சே வருஷத்துல முடிஞ்சுரும். சில மாடல்ல முதல் ஓனருக்கு கி.மீ. வரம்பு இல்லாம தர்றாங்க. அப்படின்னு சொன்னா எழுத்துல வாங்கு. சேல்ஸ் பையன் வாய்ல சொல்றது எதுவும் நிக்காது.

கணேசன் மாமா: அந்த 1.6 லட்சம் கி.மீ.ல பெட்ரோல் மிச்சம் மட்டும் 8 லட்சம். அதையும் சொல்லு.

கார்த்தி: சரிதான் மாமா. ஆனா ரீசேல் அடி வாங்கும். அஞ்சு வருஷத்துல விக்கிற எண்ணம் இருந்தா எடுக்காதே.

பெரியப்பா: அப்ப நானும் எலக்ட்ரிக்கே வாங்கிடலாமே. என் வண்டிக்கு 15 வருஷம் முடியப் போகுது.

கணேசன் மாமா: அண்ணன், நீங்க மாசம் 300 கி.மீ. ஓட்டுவீங்களா? கோயில், மார்க்கெட், பேங்க். வருஷம் 3,600. 40,000 கி.மீ. வர 11 வருஷம் ஆகும். உங்களுக்கு பெட்ரோல்தான். இருக்கிற வண்டிய ஃபிட்னஸ் பார்த்து ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிச்சா இன்னும் நல்லது.

பெரியப்பா: அவனுக்கு லாபம், எனக்கு நஷ்டம். உங்க பக்கத்து கணக்கு எப்பவும் இப்படித்தான்.

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ரம்யா: யாரு என்ன நீக்குனது

அம்மா: ஒண்ணுமில்ல

செந்தில்: மாமா 7.2 கிலோவாட் சார்ஜர் தனியா வாங்கணுமா? 50 ஆயிரம் சொல்றாங்க

கணேசன் மாமா: வேண்டவே வேண்டாம். ஒரு நாள் ஓட்டத்துக்கு 18 யூனிட் போதும். கூட வர்ற 3.3 சார்ஜர்லயே ராத்திரி 11க்குப் போட்டா விடியுறதுக்குள்ள ஏறிரும். 7.2க்கு த்ரீ பேஸ் வாங்கணும், அது வேற அலைச்சல். ஆனா 3.3க்கும் மீட்டருக்கு வாங்கின லோடு பத்தலைன்னா கூட்டிக்கணும். மாடி மீட்டர்ல இருந்து தனி லைன் இழு. 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர், 20 ஆம்ப் சி கர்வ் எம்சிபி (லோடு மீறினா தானா ட்ரிப் ஆகுறது), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்றது, டைப் ஏ கேட்டு வாங்கு), 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எர்த் தனிக்குழி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சா 2, 3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எர்த் சரியில்லேன்னா கார் சார்ஜே எடுக்காது, நீ காரைக் குறை சொல்லிட்டு இருப்ப.

சுதா அத்தை: சோலார் போட்டா கரண்ட் ஃப்ரீயாமே?

கணேசன் மாமா: 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000. ஒரு நாளைக்கு 12 யூனிட் கிட்ட வரும். கார் பகல்ல தஞ்சாவூர்ல நிக்கும், அதனால நெட் மீட்டர் (பகல்ல லைனுக்குக் கொடுத்த யூனிட்டை பில்லுல கழிக்கிறது) இல்லாம பிரயோஜனம் இல்ல. போட்டா ஸ்லாப் நல்லா இறங்கும். ஆனா மொட்டை மாடி ரெண்டு வீட்டுக்கும் பொது...

பெரியம்மா: வத்தல் எங்க காயப் போடுறது?

பெரியப்பா: மாடி பத்தி இங்க பேச வேண்டாம். நேர்ல பேசலாம்.

கார்த்தி: அப்பா 🙏

செந்தில்: சரி. பொங்கலுக்கு சென்னை போனா?

கார்த்தி: 30 கிலோவாட் ஹவர்ல நெடுஞ்சாலைல 200 கி.மீ.ன்னு வெச்சுக்கோ. 110ல மிதிச்சா அதுவும் வராது, 85ல போ. திருச்சி சென்னை 330. நடுவுல ஒரு ஃபாஸ்ட் சார்ஜ், முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி. யூனிட் 20 ரூபாய்க்குக் குறையாது. பண்டிகை அன்னிக்கு அங்க க்யூ வேற. வருஷத்துல நாலு தடவைக்கு அது பரவாயில்ல. வாரா வாரம் சென்னைன்னா பெட்ரோலே எடு.

அம்மா: அப்ப எலக்ட்ரிக்தானே? ஞாயிறு ராகுகாலம் 4.30க்கு. அதுக்கு முன்னாடி கட்டிரு

செந்தில்: வாரன்ட்டி பேப்பர் பார்த்துட்டு சொல்றேன் மா. மாடி லைன் கீழ இறங்கணும்னா பெரியப்பா ஜன்னல் பக்கச் சுவர்ல வருமே

பெரியப்பா: புதுசா பெயின்ட் அடிச்ச சுவர்.

கணேசன் மாமா: பிவிசி பைப்ல மேலாப்புல வரட்டும், ஓட்டை நாலே நாலு. மாப்ள, மீட்டர்ல இருந்து போர்டிகோ வரைக்கும் டேப் வெச்சு அளந்து போடு. 30 மீட்டர் தாண்டினா 6 ஸ்கொயர் வாங்கணும்.

ரம்யா: டேப் பெரியப்பா வீட்லதான் இருக்கு

சுதா அத்தை: 19 முகூர்த்த நாள் இல்லையாம்!! யாராச்சும் காலண்டர் பாருங்க