ஓஎஸ்பிஎஃப் போட்ட பிறகும் 10 எம்பிபிஎஸ் ரேடியோ வழியாகவே போகிறது, ஏன்?

ராயபுரம்_நெட்:
வணக்கம். எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், குடோன்கள் திருவொற்றியூரிலும் மணலியிலும். இடத்துக்கு ஒரு சிஸ்கோ ரூட்டர். ராயபுரம்–திருவொற்றியூர், திருவொற்றியூர்–மணலி இரண்டும் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர். ராயபுரத்திலிருந்து மணலிக்கு நேராக ஒரு பழைய ரேடியோ லிங்க்கும் உண்டு, 10 எம்பிபிஎஸ்தான் தாங்கும். முதலில் ரூட்டர்கள் வழி கண்டுபிடிக்க ரிப் என்ற புரோட்டோகால் மட்டும் ஓடியது, ரூட்டிங் டேபிளில் மணலிக்கு ரேடியோ வழியே 120/1 என்று காட்டியது. ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு புரோட்டோகால் வேகத்தைப் பார்த்து வழி எடுக்கும் என்று படித்ததால் அதையும் ஆன் செய்தேன். இப்போது 110/2 என்று வருகிறது, ஆனால் போவது அதே ரேடியோவில்தான், மணலி கேமரா பதிவை இங்கே இழுக்கவே முடியவில்லை. அந்த இரண்டு எண்களும் என்ன? லிங்க் போட்டவர் பிஜிபி என்ற புரோட்டோகாலைப் போடச் சொல்கிறார், தேவையா?

காசிமேடு_கேபிள்:
தம்பி, பிஜிபியை விடுங்கள். அது தனித்தனி நிர்வாகத்தில், தனித்தனி ஏஎஸ் எண்ணோடு (நெட்வொர்க்கின் அடையாள எண்) இருக்கும் நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்வதற்கு. உங்கள் மூன்று ரூட்டருக்கு ஓஎஸ்பிஎஃப் தாராளம்.

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு புரோட்டோகால் வழி சொன்னால் எதை நம்புவது என்பதற்கான எண், குறைவானது ஜெயிக்கும். சிஸ்கோவில் நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. அதனால்தான் ரிப் வழி டேபிளிலிருந்து போய்விட்டது. கோட்டுக்குப் பின்னால் இருப்பது மெட்ரிக், அந்தந்த புரோட்டோகாலின் சொந்தக் கணக்கு, ரிப்பின் 1-ஐயும் ஓஎஸ்பிஎஃப்பின் 2-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது.

ரிப்புக்கு ஹாப், அதாவது வழியில் எத்தனை ரூட்டர் என்பது மட்டும்தான் தெரியும், வழியில் எத்தனை சிக்னல் என்று எண்ணுமே தவிர எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காது. ஓஎஸ்பிஎஃப் பார்ப்பது காஸ்ட், அதாவது ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு செலவு எண், கூட்டிப் பார்த்து மொத்தம் குறைவான வழியை எடுக்கும். சிஸ்கோவில் அது 100 எம்பிபிஎஸ்ஸை போர்ட்டின் வேகத்தால் வகுத்து வருவது, 1-க்குக் கீழே இறங்காது. போர்ட்டின் வேகம், லிங்க்கின் வேகம் இல்லை, அங்கேதான் உங்கள் சிக்கல். ரேடியோவும் கிகாபிட் போர்ட்டில்தானே செருகியிருக்கிறது? மாடியில் இருக்கிற டிஷ் 10 எம்பிபிஎஸ்தான் தாங்கும் என்று ரூட்டருக்கு எப்படித் தெரியும்? ரேடியோவுக்கு 1, மணலி குடோனின் உள் நெட்வொர்க்குக்கு (லேன்) 1, மொத்தம் 2. ஃபைபரில் சுற்றிப் போனால் 3. அதன் கணக்கில் ரேடியோதான் நல்ல வழி.

ரேடியோ இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 10' கொடுங்கள், அந்த வழி 11 ஆகிவிடும்.

வண்ணை_வயர்:
அண்ணன் சொன்னது சரி, இரண்டு விஷயம் சேர்க்கிறேன். காஸ்ட்டை மணலி ரூட்டரிலும் போடுங்கள், இங்கே மட்டும் போட்டால் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் ஃபைபரில் போவதாகக் காட்டும், ஆனால் கேமரா பதிவு மணலியிலிருந்து கிளம்புவது, அதற்கு வழி முடிவு செய்வது அந்த ஊர் ரூட்டர். அப்புறம், டிஸ்டன்ஸ் பார்ப்பதற்கு முன்பே நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது முகவரி வரம்பை இன்னும் குறுக்கிச் சொல்லும் வழி ஜெயித்துவிடும். ஓஎஸ்பிஎஃப்பில் /24 இருந்து ரிப்பில் அதற்குள் அடங்கிய /25 வந்தால், 120 ஆனாலும் அந்த /25-க்குள் வரும் முகவரிகளுக்கு ரிப் வழிதான். எல்லாம் ஓஎஸ்பிஎஃப்புக்கு வந்ததும் மூன்றிலும் ரிப்பை நிறுத்திவிடுங்கள்.

ராயபுரம்_நெட்:
இரண்டு பக்கமும் போட்டேன், 110/3, திருவொற்றியூர் வழி. பதிவு நன்றாக இறங்குகிறது, ரொம்ப நன்றி அண்ணா. தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் தானாக ரேடியோவுக்கு மாறுமா?

காசிமேடு_கேபிள்:
மாறும். போர்ட் டவுன் ஆனால் உடனே. நடுவில் வேறு ஸ்விட்ச் இருந்து போர்ட் அப்பிலேயே நின்றால், ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹலோ வராமல், அதற்குக் காத்திருக்கும் டெட் டைமர் முடிகிறவரை காத்திருக்க வேண்டும், ஈதர்நெட்டில் வழக்கமாக 40 நொடி. ஹலோவையும் டெட்டையும் குறைக்க நினைத்தால் லிங்க்கின் இரண்டு முனையிலும் ஒரே எண் கொடுங்கள், வேறுபட்டால் இரண்டு ரூட்டரும் நெய்பரே ஆகாது, வழியும் பரிமாறிக்கொள்ளாது.