உப்புத்தண்ணி உறையுதே இல்லை: சீரிஸ் மாதிரிக்கு உதவி தேவை

கிளிநொச்சி ரீச்சர்:
தரம் 11 பிள்ளையளோட விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சீரிஸ் குறுங்கோளைச் செய்யிறம். அதில இருக்கிற ஒக்கேற்றர் எண்ட பள்ளத்தின்ர வெள்ளைத் திட்டைக் காட்ட, ஆனையிறவு உப்பைக் கரையுமட்டும் கரைச்சு, வடிச்சு, பிரிட்ஜில ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சன். பக்கத்தில வைச்ச நல்லதண்ணி கல்லாகீட்டுது. உப்புத்தண்ணி விடிஞ்சும் தண்ணியாத்தான் கிடக்கு. அடியில மட்டும் மெல்லிய தகடு தகடாய்ப் பளிங்கு. வெளியில வைக்க அதுவும் கரைஞ்சிட்டுது. பெட்டிக்குக் குளிர் காணாதோ, உப்பில பிழையோ?

மாங்குளத்தான்:
உப்பில பிழையில்லை ரீச்சர். அவ்வளவு செறிவான உப்புத்தண்ணி முழுக்க உறைய −21 பாகை செல்சியஸ் வேணும். வீட்டுப் பெட்டி −18 மட்டில நிண்டிடும்.

ஆனால் அந்தப் பளிங்கை விட்டிடாதேங்கோ! அது பெரும்பாலும் ஐதரோகேலைட்: ஒரு சோடியம் குளோரைட்டோட ரெண்டு நீர் மூலக்கூறு சேர்ந்தது. பூச்சியப் பாகையைத் தாண்டினா உடைஞ்சிடும். நாசாவின்ர டோன் விண்கலம் 2015 முதல் 2018 வரை சீரிஸைச் சுத்தி எடுத்த தரவில, ஒக்கேற்றரின்ர நடுத்திட்டில இதே உப்பைத்தான் கண்டுபிடிச்சவை. 2020 இல வெளிவந்தது. சீரிஸில காத்தில்லாதபடியால் மேற்பரப்பில இது கெதியா நீரை இழந்திடும். இன்னும் கிடக்குதெண்டால் உவர்நீர் கிட்டடியிலதான் மேல வந்திருக்க வேணும். அந்தப் பள்ளத்துக்குக் கீழ, கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் ஆழத்தில உவர்நீர்த் தேக்கம் இருக்கெண்டு ஈர்ப்பு அளவீடுகள் காட்டுது.

முள்ளியவளை:
ஒண்டு சேர்க்கிறன் ரீச்சர். அந்தத் திட்டு கண்ணைப் பறிக்கிறது சோடியம் காபனேற்றாலதான் கூட. சலவைச் சோடாவும் அதுதான்; அதைச் சுடுதண்ணியில கரைச்சு கருங்கல்லில ஊத்தி வையுங்கோ. முதல்ல கண்ணாடி மாதிரிப் பளிங்கு வரும். சோளகக் காத்துப் பட நீர் போய் வெள்ளை மாவாய் உதிரும். கையுறை போடுங்கோ.

கிளிநொச்சி ரீச்சர்:
நல்ல யோசனை, செய்யிறம். ஆனால் சீரிஸில முந்தி இருந்த கடல் எப்பிடி உறைஞ்சதெண்டும் பிள்ளையள் பாக்க வேணும்.

மாங்குளத்தான்:
அப்ப உப்பைக் குறையுங்கோ. ஒரு லீற்றருக்கு ரெண்டு மேசைக்கரண்டி, ஒரு சொட்டு நீலச் சாயம். விளிம்பில தெளிஞ்ச ஐஸ் முதல்ல பிடிக்கும். உப்பும் சாயமும் நடுவுக்குத் தள்ளுப்பட்டு அங்க நீலம் கடுக்கும். சீரிஸின்ர பழைய கடலும் இப்பிடித்தான்: உறைய உறைய மிஞ்சின தண்ணியில உப்புச் செறிஞ்சு, கடைசி உவர்நீர் உறையாமல் நிண்டிட்டுது. பிளாஸ்ரிக் டப்பாவில, மேல ரெண்டு விரல் இடம் விட்டு வையுங்கோ. கண்ணாடிப் போத்தல் வெடிச்சிடும்.