முழங்கால் மடங்க மறுக்கும் வயதில் 12 சென்ட் தோட்டத்தை வைத்துக்கொள்வது எப்படி?

பாலக்கோடு_68 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டை அடுத்த ஓர் ஊரில், வீட்டின் பின்புறம் 12 சென்ட் நிலத்தில் தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 68. எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் காலைப்பொழுது முழுவதும் அங்கேதான் கழிகிறது. இரண்டு பெங்களூரா, ஒரு செந்தூரா என மூன்று மாமரங்கள், ஒரு முருங்கை, அவரைப் பந்தல், கத்தரி, மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, அவ்வளவுதான்.

கடந்த மார்கழியில் ஒரு நாள் காலை வாமடையைத் (பாத்திக்கு நீர் போகும் வாயை) திருப்புவதற்காகக் குந்தியவனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த பந்தல் காலைப் பிடித்து எழ முயன்றேன். அடிப்பகுதியைக் கரையான் தின்றிருந்தது எனக்குத் தெரியாது. அது கையோடு வந்துவிட்டது, பூவும் பிஞ்சுமாக இருந்த பந்தல் மொத்தமும் என் மேல் சரிந்தது. அடுத்த வீட்டுக்காரர் வந்து கொடியை அறுத்துத்தான் என்னை வெளியே எடுத்தார். எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஆனால் முழங்கால் தேய்மானம் முற்றிவிட்டதாகவும், இனிக் குந்துவதும் சம்மணமிட்டு உட்காருவதும் கூடாதென்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் மகன், தரைக்குத் தளம் போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடலாம் என்கிறான். என் மனைவியோ, "அவரைக்காயைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், உங்களை எந்தச் சந்தையில் வாங்குவது?" என்கிறாள். எனக்குத் தோட்டத்தை விட மனமில்லை. குந்தாமல், குனியாமல் இதை நடத்த வழி இருக்கிறதா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: முழங்கால் மட்டுமன்றிக் கழுத்தும் இடுப்பும்கூட விறைத்தாற்போல் இருக்கின்றன. எல்லாம் போர்த் தண்ணீரால், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரால், வருவது என்று ஊரில் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டா?

காவேரிப்பட்டணம்_தோட்டத்தம்மா எழுதியது:

ஐயா, வணக்கம். எனக்கு 71 வயது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டத்தை விடவில்லை, தரையைத்தான் மேலே தூக்கிக்கொண்டேன்.

ஹாலோ பிளாக் கல் ஒன்றின் உயரம் 8 அங்குலம். மூன்று வரிசை அடுக்கினால் 2 அடி வரும். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கைவேலை செய்ய அது சரியான உயரம். அகலத்தில்தான் நான் ஏமாந்தேன். இடம் வீணாகக் கூடாதென்று சுற்றுச்சுவரை ஒட்டி 4 அடி அகலத்தில் முதல் பாத்தியைக் கட்டச் சொன்னேன். கொத்தனாரும் கேள்வி கேட்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார். உட்கார்ந்தபடி எனக்கு எட்டியது ஒன்றரை அடிதான். சுவர்ப்பக்கம் இருந்த பாதி, களையும் பூச்சியும் குடியிருக்கும் இடமாகிவிட்டது. பிறகு அதை இடித்து, இரண்டு பக்கமும் போய்வரும்படி 3 அடி அகலத்தில் திரும்பக் கட்டினேன். சுவரை ஒட்டித்தான் வேண்டும் என்றால் ஒன்றரை அடிக்கு மேல் போகாதீர்கள். பாத்திகளுக்கு நடுவே 3 அடி நடைபாதை விடுங்கள். இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறீர்கள் என்பதை வைத்து அளவெடுக்க வேண்டாம்.

10 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 60 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்கும் (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் மண் பிடிக்கும். அத்தனையையும் மண்ணாலேயே நிரப்பத் தேவையில்லை. அடியில் முக்கால் அடிக்குத் தேங்காய் மட்டையையும் காய்ந்த துவரை மாரையும் நெருக்கிப் போட்டு, அதன்மேல் செம்மண்ணையும் மக்கிய தொழுவுரத்தையும் சரிபாதியாகக் கலந்து கொட்டினேன். முதல் ஆண்டில் மளமளவென்று இறங்கும். பயந்துவிடாமல் மேலே உரம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சித்திரை, வைகாசியில் கல் சூடேறி ஓரத்து வேர்களைக் கருக்கிவிடுகிறது. அதற்காக உட்பக்கம் பழைய சாக்கை மடித்து வைத்து, மண்மேல் நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போடுகிறேன். கத்தரியும் மிளகாயும் கொத்தமல்லியும் இந்தப் பாத்தியில் நன்றாக வருகின்றன.

அவரையை மட்டும் தரையிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் பந்தலுக்கு மரக்கால் வேண்டாம். கல்லுக்குப் பேர்போன மாவட்டம் நம் பக்கத்திலேயே இருக்கும்போது கரையானுக்கு ஏன் தீனி போட வேண்டும்? நான்கு கல்தூண்களை 2 அடி ஆழத்தில் நட்டு, பந்தலைத் தலைக்கு மேலே போடாமல் நெஞ்சளவில் தொடங்கிச் சாய்வாக ஏற்றுங்கள். காய் கைக்கு நேராகத் தொங்கும், அண்ணாந்து கழுத்தை ஒடிக்க வேண்டியதில்லை. தடுமாறினால் பிடித்துக்கொள்ளவும் அந்தத் தூண் உதவும். என் அனுபவத்தில் தோட்டத்துக்குச் செய்த செலவுகளில் இதுவே உருப்படியான செலவு. கொடியே வேண்டாம் என்றால் குத்து அவரை விதை கிடைக்கிறது, பந்தல் கேட்காது. சுவை கொடி அவரைக்கு ஒரு படி குறைவு என்பது என் எண்ணம்.

மாமரத்தில் இனி ஏறக் கூடாது. இதில் வாதமே இல்லை. காய் முடிந்த கையோடு, ஆடி மாதத்துக்குள், ஆள் வைத்து நடுக்கொம்பை வெட்டி மரத்தின் நடுவே வெயில் புகும்படி திறந்துவிட்டு உச்சியைக் கொஞ்சம் இறக்குங்கள்; ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக இறக்கினால் காய்ப்பு அடியோடு நின்றுபோகாது. தாமதித்து வெட்டினால், வரும் துளிர் முற்றுவதற்குள் பூக்கும் காலம் வந்து, அந்தக் கிளைகள் பூவின்றி நின்றுவிடும். வலை கட்டிய துரட்டியால் காம்போடு பறியுங்கள். காம்பிலிருந்து பீச்சும் பால் தோலில் பட்டால் புண்ணாகும். நம் வயதுத் தோலில் அது ஆற மாதக்கணக்காகிறது.

பென்னாகரம்_செவிலி எழுதியது:

வணக்கம் ஐயா. 30 ஆண்டுகளுக்கு மேல் கிராமங்களில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட ஊர்ப்பேச்சில் உண்மை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பல இடங்களில் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர அளவு. ஜப்பான் நிதியுதவியோடு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் சேர்ந்திருப்பது இதனால்தான். ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் ஃப்ளோரைடு பல்லில் பழுப்புக் கறையாகத் தெரிவதோடு நிற்காமல், எலும்பிலும் தசைநாரிலும் படிந்து கழுத்தையும் முதுகையும் விறைக்க வைக்கும்.

வீட்டிலேயே மூன்றைச் செய்து பாருங்கள். தாடையை மார்பில் தொட முடிகிறதா? இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்ள முடிகிறதா? முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? கடைசியானது நம் வயதில் பலருக்கும் முடியாது, அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. குனியும்போது கட்டிலையோ சுவரையோ ஒட்டி நில்லுங்கள். முதல் இரண்டும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் ஃப்ளோரைடு பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். முன்கையை எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது தெரியவரும். முழங்கால் தேய்மானம் வயதால் வந்ததாகவும், கழுத்து விறைப்பு தண்ணீரால் வந்ததாகவும் இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்பதில்லை.

இனி நான் கேட்கிறேன். வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் வேலை செய்யும்போது தாகம் எடுத்தால் எதைக் குடிக்கிறீர்கள்? களி கிளறவும் சோறு வடிக்கவும் எந்தத் தண்ணீர்? குடத்தில் குடிநீரைத் தனியாகப் பிடித்து வைத்துவிட்டு, உலைக்குப் போர்த் தண்ணீரை ஊற்றும் வீடுகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு ஏறத்தான் செய்யும். செடிக்கு அந்த நீரைப் பாய்ச்சுவதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம், உடலில் சேர்வதில் பெரும்பங்கு குடிப்பதாலும் சமைப்பதாலும் வருவது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் நீரைச் சோதித்துக் கொடுப்பார்கள்.

அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்யாதீர்கள். வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும்போது, அழுத்த மாத்திரையோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். வயதான உடலுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும் என்பதால், கேட்காவிட்டாலும் அரை மணிக்கு ஒரு முறை குடியுங்கள். உட்கார்ந்து எழும்போது பத்து எண்ணும் வரை தூணைப் பிடித்து நின்றுவிட்டு அதன்பின் நடங்கள். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணி இறக்கும் பயிற்சியை நாளும் செய்துவந்தால் முழங்காலின் சுமையைத் தொடை பங்கிட்டுக்கொள்ளும்.

மழைக்காலம் தொடங்கிப் பனி முடியும் வரை புதரோரம் வேலை செய்தால் இரவில் குளித்துவிட்டு அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். பீடி நெருப்புச் சுட்டதைப் போல, வலியே இல்லாத ஒரு கறுத்த பொருக்கு இருந்து, கூடவே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அந்தப் பொருக்கை மருத்துவரிடம் காட்டாமல் வந்துவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஓசூர்_மேட்டுத்தோட்டம் எழுதியது:

அம்மா சொன்ன கல் பாத்தியைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 12 சென்ட்டிலும் பாத்தி கட்டினால் ஓய்வூதியம் கொத்தனாருக்கே போய்விடும். இரண்டு பாத்தி போதும். மற்ற இடத்தில் கொத்துவதையே நிறுத்திவிட்டு, இலைதழையும் கரும்புச் சோகையும் போட்டுக் கனமாக மூடுங்கள். பாலக்கோட்டுப் பக்கம் சோகைக்கா பஞ்சம்? மூன்று ஆண்டுகளாக என் தோட்டத்தில் மம்மட்டி இறங்கவில்லை. நின்றபடியே களை செதுக்க, களைக்கொத்துக்கு உங்கள் நெஞ்சுயரத்துக்கு மூங்கில் பிடி போட்டுக்கொள்ளுங்கள்.

வாமடை திருப்பும் வேலையே இருக்கக் கூடாது. மேடையில் ஒரு 500 லிட்டர் தொட்டியை வைத்து, இடுப்புயரத்தில் ஒரு குழாய்த் திருப்பி பொருத்திச் சொட்டு நீர் விடலாம். நம் தண்ணீரில் உப்பு அதிகம், சொட்டுவாய் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். கழற்றி ஓர் இரவு வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடுகிறது.

வேலையில் இறங்குமுன் பார்த்தீனியம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்து, இரண்டு ஆண்டுகள் களிம்பு மாற்றி மாற்றிப் பூசிய பிறகுதான் அந்தக் களையே காரணம் என்று ஒரு தோல் மருத்துவர் கண்டுபிடித்தார். பூப்பதற்கு முன்பே, முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, முடிந்தால் ஆள் வைத்துப் பிடுங்கிவிடுங்கள்.

பாலக்கோடு_68 எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். சோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன்.

செவிலியம்மா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வீட்டில் நாங்கள் குடிப்பது ஒகேனக்கல் தண்ணீர்தான். ஆனால் அது ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் சமையல் முழுவதும் போர்த் தண்ணீரில் நடந்திருக்கிறது. நானோ பத்து ஆண்டுகளாகத் தோட்டத்து ரப்பர் குழாயில் வாய் வைத்துக் குடித்துவந்திருக்கிறேன். போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாடை மார்பைத் தொடவில்லை, இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னேன், முன்கைக்கு எக்ஸ்ரே எழுதியிருக்கிறார். மனைவி அன்றே பழைய பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கிவிட்டாள். இப்போது குழாயில் தண்ணீர் வரும் நாளில் சமையலுக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கிறோம். தோட்டத்துக்குப் போகும்போது ஒரு தூக்கில் நீர்மோர் கொண்டுபோகிறேன்.

பாத்தி இரண்டு மட்டும் கட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். கல்தூண் நான்கு வந்து இறங்கிவிட்டன. தோட்டத்தம்மாவிடம் ஒரு சந்தேகம்: சாய்வுப் பந்தலின் தாழ்ந்த பக்கம் கிழக்கே இருக்க வேண்டுமா, மேற்கேயா? காலை வெயிலில் காய் பறிப்பது எனக்கு வழக்கம்.

காவேரிப்பட்டணம்_தோட்டத்தம்மா எழுதியது:

தாழ்ந்த பக்கம் கிழக்கே இருக்கட்டும் ஐயா. காலை வெயில் சாய்வு முழுவதும் படும், நீங்கள் உயர்ந்த பக்கத்தின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பறிக்கலாம். ஆடிப் பட்டத்துக்கு விதை ஊன்றுவதற்குள் தூணை நட்டுக் குழியைக் கெட்டித்துவிடுங்கள். கொடி ஏறிய பிறகு தூணை அசைத்தால் வேர் அறும்.

பாலக்கோடு_68 எழுதியது:

அப்படியே செய்கிறேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான். குழி தோண்டுவது அவன் வேலை.