ஆண்டு மலரில் 9 ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்.! ஒரு டெப்போ அலுவலர்கூட இல்லையா?

மானாவாரி:
போன ஞாயிறு நான் படித்த வேளாண் கல்லூரியில் பழைய மாணவர் சந்திப்பு. சாப்பாடு அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். கிளம்பும்போது ஆளுக்கொரு மலர் கொடுத்தார்கள். 'நம் சாதனையாளர்கள்' என்று 14 பக்கம். பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., வனப்பணி சேர்த்து 9 பேர். வங்கியில் பெரிய பதவி 6 பேர். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் 5 பேர். விதை, மருந்துக் கம்பெனிகளில் 4 பேர். முப்பது வருடம் டெப்போவில், அதாவது வேளாண் விரிவாக்க மையத்தில், உட்கார்ந்து விவசாயியோடு மல்லுக்கட்டிய வேளாண் அலுவலர் ஒருவர்கூட இல்லை. ஒரே நெல் ரகத்துக்காகப் பத்து வருடம் வயலில் நின்றவரும் இல்லை.

மண்ணியல், பூச்சியியல், உழவியல் என்று நான்கு வருடம் மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு அதைக் கைகழுவியவர்கள்தான் முதல் பக்கத்தில் வர வேண்டுமா? மருத்துவக் கல்லூரி மலரில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்தவரை முதல் பக்கத்தில் போடுவார்களா?

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். 'உன்னைப் போடவில்லை என்ற வயிற்றெரிச்சல்' என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதுவும் கொஞ்சம் உண்டு.

கடன்பிரிவு:
போடுவார்கள் சார். டாக்டர் கலெக்டரானால் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸே வைப்பார்கள்.

நானும் பி.எஸ்சி. வேளாண்மைதான். வங்கியில் வேளாண் கள அலுவலராகச் சேர்ந்தேன், இப்போது கிளை மேலாளர். நான் முடித்த வருடம் அரசு வேலைக்கு அறிவிப்பே வரவில்லை. அடுத்த வருடமும் இல்லை. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். 'கைகழுவியவர்' என்று எழுதுவது உங்களுக்குச் சுலபம்.

இன்னொன்று. நான் வேளாண்மையை விட்டு எங்கே போனேன்? பயிர்க்கடன் வாங்கும் கிசான் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம். அதே ஆள் வெளியில் வாங்கினால் என்ன வட்டி என்று உங்கள் ஊர் டீக்கடையில் கேளுங்கள். கொடுக்கும் கடனில் 18 சதவீதம் வேளாண்மைக்குப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. மஞ்சளுக்கும் மக்காச்சோளத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அந்த மேசையில் உட்காரலாமா? விதைக்கிற நாளில் கையில் காசு இல்லாதவனுக்கு உங்கள் பூச்சியியல் எதற்கு?

குறுவை:
கடன்பிரிவு சார், என் மாமனார் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் ஒரு கள அலுவலர் இருக்கிறார். நகைக்கடன் ஃபைலில் கையெழுத்துப் போடுவதைத்தான் மாமனார் பார்த்திருக்கிறார், களத்தில் பார்த்ததே இல்லையாம். விவசாய நகைக்கடனும் அந்த 18 சதவீதக் கணக்கில்தானே வருகிறது?

அதற்காக மானாவாரி அண்ணன் பக்கமும் நான் இல்லை. நான் டெல்டாவில் வேளாண் அலுவலர். என் நேற்றைய நாளைச் சொல்கிறேன். காலையில் விதை இருப்பு சரிபார்ப்பு. 11 மணிக்குக் காணொலி ஆய்வுக் கூட்டம், இலக்கு ஏன் எட்டவில்லை என்று வசை. மதியம் பயனாளிகளை ஆன்லைனில் ஏற்றும் வேலை. ஓ.டி.பி. வரவில்லை என்று ஒரு பெரியவரோடு ஒரு மணி நேரம் போனது, அவருடைய போன் அவர் பேரனிடம் திருப்பூரில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு வயலுக்குப் போனேன். குருத்துப்பூச்சி. தாய் அந்துப்பூச்சி எப்போது வரும், விளக்குப்பொறியை எங்கே வைப்பது, மருந்து இப்போது வேண்டாம் என்று பத்து நிமிடம் பேசினேன். நான்கு வருடம் படித்தது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் உதவியது. டெப்போவில் இருப்பதாலேயே நாங்கள் எல்லாரும் சாதனையாளர்கள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள், சிரிப்பு வருகிறது.

ஏடிடி43:
மேடம் சொன்னதுதான் என் கட்சிக்கு ஆதாரம். அந்த இலக்கை யார் வைக்கிறார்கள்? அந்தக் காணொலிக் கூட்டத்தை யார் நடத்துகிறார்கள்? மேலே இருப்பவருக்குப் பயிர் தெரிந்தால் உங்கள் பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாகும். அதனால்தான் நான் யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன், வேளாண்மையை விருப்பப் பாடமாக எடுத்து. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் 'கதிர் பதராகிவிட்டது' என்று ஒருவர் எழுந்து சொன்னால் அது பூச்சியா, மழையா, விதையா என்று கேட்கத் தெரிந்த கலெக்டர் வேண்டாமா?

மானாவாரி:
தம்பி, பசுமைப் புரட்சி எம்.எஸ். சுவாமிநாதன் கதை தெரியுமா? கோவை வேளாண் கல்லூரியில் படித்தவர். 1948-இல் மத்தியத் தேர்வு எழுதி ஐ.பி.எஸ்.க்குத் தேர்வானார். அதே சமயத்தில் நெதர்லாந்தில் மரபியல் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகை வந்தது. போலீஸ் தொப்பியை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்குப் போனார். உலக உணவுப் பரிசு 1987-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். 2024-இல் பாரத ரத்னா. அவர் அன்றைக்குக் காக்கிச் சட்டை போட்டிருந்தால் ஏதோ ஒரு மாநிலத்தில் டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்றிருப்பார். உங்கள் மலரில் முதல் பக்கத்தில் படமும் வந்திருக்கும்!

கடன்பிரிவு:
இப்படி ஒரே ஒருவரைக் காட்டி வாதாடினால் நானும் ஒருவரைக் காட்டுவேன். அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன். 1943-இல் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர். 'படித்த தொழிலிலேயே இரு' என்ற உங்கள் சட்டப்படி அவர் எங்காவது இரும்பு ஆலையில் இருந்திருக்க வேண்டும். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா அனுப்பியதால் 1949-இல் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரின் வெண்ணெய்ப் பண்ணைக்குக் கட்டாயமாக வந்தவர், இத்தனைக்கும் பால் குடிக்கப் பிடிக்காத மனுஷன். வந்து என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். படிப்பை மாற்றியது குற்றமா?

ஏடிடி43:
செம பாயின்ட். நானும் ஒன்று சேர்க்கிறேன். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலையில் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து 1969-இல் விட்டுவிட்டு வந்தார். அவரும் கைகழுவியவரா அண்ணே?

மானாவாரி:
நம்மாழ்வார் வேலையைத்தான் விட்டார், வயலை விடவில்லை.

ஐஆர்8:
நம்மாழ்வாரையும் சுவாமிநாதனையும் ஒரே இழையில் வைத்துப் பேசுகிறீர்களே, சுவாமிநாதன் செய்ததைத்தானே நம்மாழ்வார் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார்? யூரியா இல்லாமல் 1966-இல் நாடு சாப்பிட்டிருக்குமா என்று முதலில்

மட்டுறுத்துநர்:
ஐஆர்8, யூரியாச் சண்டைக்கு ஏற்கெனவே 62 பக்க இழை ஒன்று இருக்கிறது. அங்கே போகவும். மீதிப் பதிவை வெட்டியிருக்கிறேன்.

குறுவை:
குரியன் விஷயத்தில் எனக்கு ஒரு மறுப்பு. அவர் படிப்பை மாற்றினார், சரி. ஆனால் இடத்தை மாற்றவில்லை. தேசியப் பால்வள வாரியம் 1965-இல் வந்தபோது அதன் தலைமையகம் டெல்லிக்குப் போகக் கூடாது, ஆனந்திலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தபோது அதைச் செய்து காட்டியவர் அவருடைய நண்பர் தலாயா, ஹெச்.எம். தலாயா. அமுல் பேச்சில் அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? மலர்கள் எல்லாம் அப்படித்தான். மேடையில் இருப்பவர் படத்தில் வருவார், பாய்லர் அருகில் நிற்பவர் வர மாட்டார்.

பருத்திக்காட்டான்:
நான் பட்டதாரி இல்லை, பத்தாவது. விருதுநகர் பக்கம் ஏழு ஏக்கர் கரிசல். என் மகள் இப்போது வேளாண்மை மூன்றாம் வருடம். மானாவாரி சார் எழுதியதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

நான் அவளைப் படிக்க வைப்பதே இந்த வெயிலைவிட்டு அவள் போகட்டும் என்றுதான். நீங்கள் எல்லாரும் ஏசியில் உட்கார்ந்துகொண்டு 'மண்ணுக்குத் திரும்பு' என்கிறீர்கள். கலெக்டரின் பிள்ளை சாஃப்ட்வேருக்குப் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விவசாயி பிள்ளை பேங்குக்குப் போனால் மட்டும் வரிப்பணம் வீணா? நானும்தான் வரி கட்டுகிறேன். டீசலுக்கு, உரத்துக்கு, அவள் செருப்புக்கு.

மானாவாரி:
அய்யா, உங்கள் மகள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நன்றாக இருக்கட்டும். 'வரிப்பணம்' என்று நான் எழுதியது தப்புதான், எடுத்துக்கொள்கிறேன். என் சண்டை போனவர்களோடு இல்லை. மலரைத் தொகுத்தவர்களோடுதான். போனவர்களைப் போடட்டும், இருந்தவர்களையும் போடட்டும் என்கிறேன்.

ஏசி என்னிடம் இல்லை. நிழல்வலைதான்.

கடன்பிரிவு:
அப்படியானால் தொகுப்பாளர் நிலைமையில் நின்று பாருங்கள். ஐ.ஏ.எஸ். என்றால் மூன்று எழுத்து, எல்லாருக்கும் புரியும். 'வேளாண் அலுவலர், 31 ஆண்டுகள்' என்று போட்டு அதற்குக் கீழே என்ன எழுதுவார்? 'பத்து நிமிடம் பேசினார்' என்றா? கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். எதை வைத்து அளப்பது?

உம்பளச்சேரி:
கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வெக்கை நோய் என்ற பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு ஊரில் வந்தால் தொழுவமே காலியாகும். பெரியம்மைக்குப் பிறகு உலகத்திலிருந்து அடியோடு ஒழிந்த நோய் இது ஒன்றுதான், 2011-இல் அறிவித்தார்கள். நம் நாடு 2006-லேயே ஒழித்துவிட்டது. ஒழித்தது யார்? ஐஸ் பெட்டியில் தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன டாக்டர்களும் உதவியாளர்களும். மாடு உதைத்து என் முன்பல் போனது அப்போதுதான். இன்றைக்கு என்னிடம் வரும் இளம் டாக்டர்களுக்கு அந்த நோயைப் பாடப் புத்தகத்தில்தான் தெரியும். இதை எப்படி அளப்பீர்கள்? ஒரு மாட்டுக்கும் வராத நோயை எப்படிப் படம் எடுத்து மலரில் போடுவது?

கடன்பிரிவு தம்பி கேட்டது சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

குச்சிக்கிழங்கு:
நான் பெங்களூரில் ஐ.டி. ஆள், வேளாண்மை படிக்கவில்லை. ராசிபுரம் பக்கம் அம்மா இன்னும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறார். உம்பளச்சேரி அய்யா எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது.

2010 வாக்கில் எங்கள் காடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு பூச்சி. குருத்தெல்லாம் முடங்கிப்போனது. பக்கத்துக் காட்டுப் பப்பாளி, ரோட்டோரச் செம்பருத்தி எதையும் விடவில்லை. அப்பா மூன்று தடவை மருந்தடித்தார். மேலே மெழுகு மாதிரி இருந்ததால் உள்ளே இறங்கவே இல்லை. நாலாவது தடவைக்குக் கடன் வாங்கப் போகும்போதுதான் டெப்போவிலிருந்து ஒருத்தர் வந்து, மருந்து அடிக்காதீர்கள், குளவி கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அப்பா அவரைப் பைத்தியம் மாதிரி பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இது என்ன பூச்சி, என்ன குளவி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறுவை:
அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. 2008-இல் கோவையில்தான் முதலில் கண்டார்கள். இங்கே அதற்கு இயற்கை எதிரி இல்லை, அதனால்தான் அந்த ஆட்டம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரு ஆராய்ச்சி மையத்துக்கு வரவழைத்தார்கள். அதில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. கடுகைவிடச் சின்னது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். கோவை வேளாண் பல்கலையில் லட்சக்கணக்கில் வளர்த்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். மருந்தை நிறுத்தினால்தான் குளவி பிழைக்கும், அதனால் விவசாயியிடம் 'சும்மா இருங்கள்' என்று சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய வேலை. அதைச் செய்தவர்கள் டெப்போக்காரர்களும் வேளாண் அறிவியல் நிலையத்துக்காரர்களும்.

உங்கள் பக்கத்தில் 2020-க்குப் பிறகு மரவள்ளிக்கே உரிய இன்னொரு மாவுப்பூச்சி வந்ததே, அதற்கும் இதே வழிதான். ஆப்பிரிக்காவில் பெனினிலிருந்து குளவி வாங்கி 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அதே குளவியை ஆப்பிரிக்காவில் பரப்பியதற்காக ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கடன்பிரிவு:
ஒப்புக்கொள்கிறேன், இது பெரிய விஷயம். அந்த நாலாவது மருந்துக் கடன் என் கிளைக்கு வந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன், அதுவும் உண்மை. இந்தக் குளவி வேலையைச் செய்தவர்கள் யாருமே மலரில் இல்லையா?

மானாவாரி:
இப்போதுதான் மறுபடி புரட்டினேன். இல்லை. குச்சிக்கிழங்கு தம்பி, உங்கள் காட்டுக்கு வந்தவர் பெயர் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியாக இருந்தால் அடுத்த மலருக்கு நானே எழுதி அனுப்புகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் தெரிந்ததை எழுதுங்கள்.

ஏடிடி43:
அவர் இப்போது இணை இயக்குநராக இருந்தால் நல்ல கட்டுரை வரும்.

குறுவை:
இல்லாவிட்டால் வராதா தம்பி? :)

குச்சிக்கிழங்கு:
எனக்குப் பெயர் ஞாபகமில்லை. பழைய டி.வி.எஸ். 50, பின்னால் தெர்மாகோல் பெட்டி கட்டியிருப்பார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

குச்சிக்கிழங்கு:
கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. "குளவி சார்னுதான்டா கூப்பிடுவோம்" என்கிறார். அவர் மாற்றலாகிப் போன அன்று அப்பா ஒரு மூட்டைக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தாராம், வாங்க மாட்டேன் என்றாராம், அப்புறம் இரண்டு கிழங்கு மட்டும் எடுத்துக்கொண்டாராம். பக்கத்துக் காட்டு மாமாவிடம் நாளைக்குக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.