புளூபெல் இரண்டுக்கும் தமிழ்ப்பெயர்: கொத்துமணி சரியா?

வணக்கம். புளூபெல் என்பது ஐரோப்பாவில் குமிழத்திலிருந்து (வெங்காயம் போன்ற நிலத்தடிப் பகுதி) முளைத்து மணி போன்ற பூப் பூக்கும் செடி. ஆங்கிலப் புளூபெல், ஸ்பானியப் புளூபெல் என்ற இரண்டு இனங்களுக்கும் நம் அகராதிப் பட்டியலுக்காகத் தமிழ்ப்பெயர் தேடுகிறேன். அதற்கு வந்த ஒரு மறுமொழி:

> "ஆங்கில நீலமணி, ஸ்பானிய நீலமணி என்று வைத்துவிட்டால் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை மடல்?"

எனக்கு அதில் மூன்று சங்கடங்கள். நீலமணி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நவரத்தினக் கல். இரண்டாவது, இந்தச் செடிகளில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பூப்பதுண்டு; 'வெள்ளை நீலமணி' என்று எழுத எனக்குக் கை வராது. மூன்றாவது, நாட்டுப்பெயர். 'ஆங்கில' என்று சொல்லப்படுவது பிரான்சு, பெல்ஜியக் காடுகளிலும், ஸ்பெயினின் வடபகுதியிலும்கூட இயல்பாக வளர்வது. போதாததற்கு, ஸ்காட்லாந்தில் புளூபெல் என்றால் காம்பானுலா. அது வேறு குடும்பம், அதற்குக் குமிழமே கிடையாது.

சதங்கைப்பூ என்ற யோசனை கேட்க இனிமைதான். ஆனால் சதங்கை வாய் மூடியது, இந்தப் பூ வாய் திறந்தது. அதனால் இரண்டு இனங்களும் அடங்கும் ஹயசிந்தாய்டஸ் பேரினத்துக்குக் 'கொத்துமணி' என்கிறேன். பூக்கள் கொத்தாக வருவதும் மணி வடிவமும் அதிலேயே அடங்கிவிடுகின்றன.

அப்புறம் இனங்கள். களத்தில் எட்ட நின்றே தெரிவது பூத்தண்டின் நிலை. ஆங்கிலப் புளூபெல்லான நான்-ஸ்கிரிப்டாவின் தண்டு நுனியில் வளைந்து, பூக்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தொங்கும். ஸ்பானியப் புளூபெல்லான ஹிஸ்பானிகாவின் தண்டு விறைப்பாக நிற்கும்; பூக்கள் தண்டைச் சுற்றிலும் இருக்கும். ஆகவே முன்னது சாய்கொத்துமணி, பின்னது நிமிர்கொத்துமணி. பெயரைக் கேட்டதுமே எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிடும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

ஆனால் அகராதிப் பதிவில் தண்டின் சாய்வோடு நிறுத்திவிடக் கூடாது. பூத்தண்டு இளசாக இருக்கும்போதும் மழையில் நனைந்திருக்கும்போதும் சாய்வு கண்ணை ஏமாற்றும். புதிதாக விரிந்த பூவின் மகரந்தத்தைப் பார்க்கவேண்டும்: சாய்கொத்துமணியில் பாலேட்டு வெண்மை, நிமிர்கொத்துமணியில் பெரும்பாலும் நீலம். பூவிதழ் நுனி முன்னதில் நன்றாகப் பின்னால் சுருண்டிருக்கும், பின்னதில் சற்றே விரிந்திருக்கும். முன்னதின் இலை அகலம் ஏறக்குறைய 1 முதல் 1.5 செ.மீ., பின்னதில் 3 செ.மீ. வரை போகும். மணம் முன்னதில்தான் தூக்கல்.

இன்னொரு அடையாளம் கையில் லென்ஸ் உள்ளவர்களுக்கு. வெளிவட்ட மகரந்தத்தாள்கள் சாய்கொத்துமணியில் பூவிதழோடு முக்கால் நீளத்துக்கு மேல் ஒட்டியிருக்கும். மற்றதில் அவ்வளவு இருக்காது. இதற்குப் புதுச்சொல் வேண்டாம், பாடநூல்களில் உள்ள 'பூவிதழ் ஒட்டியவை' போதும்.

உண்மையான தலைவலி கலப்பினம். நிமிர்கொத்துமணி 17ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குத் தோட்டச்செடியாக வந்து, பிறகு வேலி தாண்டியது. இரண்டும் கலந்து பிறந்த மாசார்டியானா மலடு இல்லை. பெற்றோர் இரண்டோடும் மறுபடி கலக்கும். அதனால் பாதி சாய்ந்த தண்டு, வெளிர்நீல மகரந்தம், நடுத்தர இலை என்று எல்லாப் படிநிலையிலும் செடிகள் கிடைக்கின்றன. ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறிவிடும்; தண்டு, மகரந்தம், இலை மூன்றும் ஒத்துவந்தால்தான் பெயர் சொல்லலாம். பிரிட்டனில் இது வெறும் தாவரவியல் ஆர்வம் மட்டுமல்ல. சாய்கொத்துமணி அங்கே 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. காட்டிலிருந்து பறித்த குமிழத்தை விற்க முடியாது.

கலப்பினத்துக்கு 'இடைக்கொத்துமணி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஒரு நண்பர் சொன்ன 'கலப்புமணி' எனக்கு ஒப்பவில்லை. எந்தப் பேரினத்தின் கலப்பு என்று அதில் தெரியவில்லை. 'இடை' என்பதைவிடப் பொருத்தமான முன்னொட்டு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்ற இரண்டையும் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.